வீட்டு ரூட்டரில் பாதுகாப்பான கோப்புப் பகிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் இணைப்பு, இணைய நிறுவனம் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி பெட்டி, அதன் பின்னால் நீங்கள் வாங்கி வைத்த ரூட்டர், ரூட்டரின் யூஎஸ்பி துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க். இந்தப் பக்கம் இப்படிப்பட்ட அமைப்புக்காக எழுதப்பட்டது. வீட்டில் உள்ள எல்லாரும் அந்த டிஸ்க்கைத் திறக்க வேண்டும், வெளியூரில் இருக்கும்போதும் நீங்கள் திறக்க வேண்டும், உங்கள் வீட்டாரைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. இதில் மூன்றாவதுதான் கடினம்.

ரூட்டரில் டிஸ்க்கைச் செருகினால் போதுமா, தனியாக நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் டிஸ்க் பெட்டி) வாங்க வேண்டுமா?

இரண்டு மூன்று பேர் இருக்கும் வீட்டில் படம், வீடியோ, ஸ்கேன் செய்த ஆவணங்கள் வைக்க ரூட்டரே போதும். ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் பெரிய கோப்புகளைத் திறந்து வேலை செய்தால் ரூட்டர் திணறும். வைஃபையையும் இணையத்தையும் கவனிக்கும் அதே சின்ன ப்ராசஸர்தான் டிஸ்க்கையும் கவனிக்கிறது. இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவைப் பிரதியெடுத்து வைக்கும் ரெய்டு வசதியும் பெரும்பாலான ரூட்டர்களில் கிடையாது. அப்படித் தேவைப்பட்டால் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் அல்லது சின்ன நாஸ் பெட்டி வாங்கி ரூட்டரில் கேபிளால் இணையுங்கள். கீழே உள்ள பாதுகாப்பு விஷயங்கள் அப்போதும் அப்படியே பொருந்தும்.

வாங்குவதற்கு முன் விவரப் பக்கத்தில் மூன்றைப் பாருங்கள். யூஎஸ்பி துளை 3.0 ஆக இருக்க வேண்டும். நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறையான எஸ்எம்பி, பதிப்பு 2 அல்லது 3 என்று எழுதியிருக்க வேண்டும். வயர்கார்டு என்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் சுரங்கம்) சர்வர் வசதி வேண்டும். ரூட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் கடைசியாக வந்தது எப்போது என்றும் பாருங்கள். இரண்டு வருடமாக அப்டேட் வராத மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

நிறுவனம் கொடுத்த ஓஎன்டி பெட்டியிலேயே யூஎஸ்பி துளை இருக்கிறதே, அதில் செருகலாமா?

வேண்டாம். அந்தப் பெட்டியை டிஆர்-069 என்ற நெறிமுறை வழியாக நிறுவனம் தொலைவிலிருந்து நிர்வகிக்கும். அமைப்புகள் உங்களுக்குத் தெரியாமலே மாறலாம். அதில் உள்ள பகிர்வு மென்பொருளும் பெரும்பாலும் பழையது, நீங்களாக அதை அப்டேட் செய்ய வழியில்லை. அந்தப் பெட்டியின் வேலை ஒளியை மின்சிக்னலாக மாற்றித் தருவது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிஸ்க் ஐந்து நிமிடம் வேலை செய்கிறது, பிறகு காணாமல் போகிறது. ஏன்?

பத்துக்கு எட்டு முறை காரணம் மின்சாரம்தான். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900 மில்லி ஆம்பியர் தருவதாகக் கணக்கு. கைக்கு அடக்கமான 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 1 ஆம்பியர் வரை இழுக்கும். ரூட்டரின் அடாப்டர் ஏற்கெனவே வைஃபைக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறது. மின்னழுத்தம் இறங்கியதும் டிஸ்க் நின்று மறுபடி சுழல முயலும்.

டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். நல்ல டிஸ்க் ஒரே சீரான மெல்லிய ரீங்காரத்தோடு ஓடும். மின்சாரம் போதாத டிஸ்க்கில் ரீங்காரம் ஏறி, ஒரு ‘டிக்’, பிறகு அமைதி, மறுபடி ரீங்காரம், மறுபடி ‘டிக்’ என்று வரும். டிஸ்க்கே கெட்டிருந்தாலும் இதே சத்தம் வரும். அதனால் முதலில் அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் குறை மின்சாரத்தில்.

தீர்வு மூன்று. தனி அடாப்டர் உள்ள 3.5 அங்குல டிஸ்க் வாங்கலாம். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பை இடையில் வைக்கலாம். இல்லையென்றால் எஸ்எஸ்டிக்கு மாறலாம். அதில் சுழலும் பாகம் இல்லாததால் அந்தத் திடீர் இழுப்பும் இல்லை. எங்கள் தேர்வு எஸ்எஸ்டி. 24 மணி நேரமும் சூடான ரூட்டர் பக்கத்திலேயே கிடக்கப் போகும் பொருளுக்கு அதுதான் பொருத்தம்.

டிஸ்க்கைச் செருகியதும் போனில் வைஃபை மந்தமாகிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நல்ல உறையுள்ள கேபிளைப் போட்டு டிஸ்க்கை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள். சில ரூட்டர்களில் துளையை 2.0 வேகத்துக்கு இறக்கும் அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தால் இரைச்சல் நிற்கும், ஆனால் வேகம் நொடிக்கு 30 முதல் 35 எம்பி வரைதான் வரும்.

எந்த வடிவில் ஃபார்மேட் செய்வது?

டிஸ்க் ரூட்டரிலேயே நிரந்தரமாக இருக்கும் என்றால் ஈஎக்ஸ்டி4. ரூட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் லினக்ஸ், அதன் சொந்த வடிவம் இது. மின்சாரம் திடீரென்று போனாலும் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். ஒரே குறை, டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் செருகினால் நேரடியாகத் திறக்காது. அவ்வப்போது கழற்றி எடுத்துப் போவீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ். எக்ஸ்ஃபேட் எல்லாக் கருவியிலும் திறக்கும், ஆனால் எழுதும் வேலையைக் குறித்துவைக்கும் ஜர்னல் அதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபோல்டரே சிதையலாம். ஃபேட்32 வேண்டவே வேண்டாம். 4 ஜிபிக்குப் பெரிய கோப்பை அது ஏற்காது, ஒரு கல்யாண வீடியோவே அதைத் தாண்டிவிடும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். எஸ்எம்பி 2-ம் 3-ம் யூனிகோடை முழுமையாகக் கையாளும். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது நீளம். ஈஎக்ஸ்டி4-இல் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட், மேலும் ஓர் உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறிகளால் ஆனது. ‘திருமணம்’ என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 8 குறி, 24 பைட். ஆக மொத்தம் 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். ‘பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசம் காலைப் பூஜை’ என்று தொடங்கித் தேதியும் ஊரும் சேர்த்துப் பெயர் வைப்பவர்கள் இந்த எல்லையில் முட்டுவார்கள். விண்டோஸில் இருந்த கோப்பு ரூட்டருக்கு நகலாக மறுத்தால் முதலில் பெயரைச் சுருக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல். ‘பொங்கல்’ என்பதில் உள்ள ‘பொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக எழுதுவது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக எழுதுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘பொங்கல்’ இருந்தாலோ, தேடினால் ஒன்று மட்டும் கிடைத்தாலோ காரணம் இதுதான். வேறு வேறு கருவிகளில் பெயர் வைத்த கோப்புகளை ஒரே இடத்தில் கொட்டும்போது இப்படி நேரும். ஒரே கீபோர்டில் பெயரை மறுபடி தட்டச்சு செய்தால் சரியாகும்.

பயனர் பெயர், டிஸ்க்கின் பெயர், பகிர்வின் பெயர் ஆகியவற்றை மட்டும் இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் வையுங்கள். ரூட்டர்களின் நிர்வாகப் பக்கங்கள் அங்கேதான் தடுமாறுகின்றன.

டிஸ்க்கைச் செருகும் முன் ரூட்டரில் என்னென்ன மாற்ற வேண்டும்?

முதலில் ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதுவும் வைஃபை பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கக் கூடாது, ஏனென்றால் வைஃபை பாஸ்வேர்டு வரும் விருந்தினர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியை அணையுங்கள். யூபிஎன்பி, டபிள்யூபிஎஸ் (பொத்தான் அல்லது பின் எண்ணால் வைஃபையில் இணைக்கும் வசதி) இரண்டையும் அணையுங்கள். யூபிஎன்பி இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் எந்த நிரலும் உங்களைக் கேட்காமலே வெளி உலகுக்கு ஒரு போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு வாசலை, திறந்துவிட முடியும்.

அடுத்து, பலரும் விட்டுவிடும் ஒன்று. வீட்டு முகவரித் தொகுதியை மாற்றுங்கள். பெரும்பாலான ரூட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற தொகுதியோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. நீங்கள் போய் உட்காரும் உறவினர் வீட்டிலும் ஹோட்டலிலும் அதே தொகுதி இருக்கும். அங்கிருந்து விபிஎன் போட்டு 192.168.1.1-ஐத் திறந்தால் உங்கள் வீட்டு ரூட்டருக்குப் பதிலாக அவர்கள் வீட்டு ரூட்டர் வந்து நிற்கும். எளிதில் யாரும் தேர்ந்தெடுக்காத எண்ணாக, உதாரணத்துக்கு 192.168.73.1 என்று, இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் பிரிண்டரிலிருந்து கேமரா வரை எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டிவரும்.

விருந்தினருக்குக் கெஸ்ட் வைஃபையைத் திறந்து கொடுங்கள். அதிலிருந்து உள் நெட்வொர்க்கை அணுகும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று அந்த வைஃபையில் ஒரு போனை இணைத்து, 192.168.73.1-இல் உள்ள டிஸ்க்கைத் திறக்க முயன்று பாருங்கள். திறக்கக் கூடாது.

பயனர் கணக்குகளை எப்படிப் பிரிப்பது?

ரூட்டரின் யூஎஸ்பி பக்கத்தில் எஸ்எம்பி, எஃப்டிபி, டிவிக்கு வீடியோ காட்டும் டிஎல்என்ஏ என்று மூன்றும் இருக்கும். எஸ்எம்பியை மட்டும் இயக்குங்கள். எஃப்டிபி பாஸ்வேர்டை வெளிப்படையாக அனுப்பும் பழைய முறை, அதை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் நுழையும் கெஸ்ட் அல்லது ‘அனானிமஸ்’ அனுமதியையும் அணையுங்கள்.

ஆளுக்கொரு கணக்கு. அதோடு படிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கு ஒன்று. டிவிக்கும் சின்னப் பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும் அதைக் கொடுங்கள். கம்ப்யூட்டரில் தினசரி வேலைக்கும் படிக்க மட்டுமான கணக்கையே பயன்படுத்தி, எதையாவது சேர்க்கும்போது மட்டும் எழுதும் கணக்கில் நுழைவது இன்னும் நல்லது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைந்த கம்ப்யூட்டர், தனக்கு எழுத அனுமதி உள்ள எல்லா இடத்தையும் பூட்டும். ரூட்டர் டிஸ்க் அதற்கு விதிவிலக்கு இல்லை. எழுத அனுமதி இல்லாத இடத்தில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சில ரூட்டர்கள் 16 எழுத்துக்கு மேல் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. வைத்த பாஸ்வேர்டு வேலை செய்யாவிட்டால் குறியீடுகளை நீக்கிச் சுருக்கி மறுபடி வைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் 11-இல் டிஸ்க் திறக்கவில்லை. நேற்றுவரை திறந்தது.

2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்புக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வருகிறது. அந்தப் பதிப்பின் ப்ரோ வகையில் இரண்டு விதிகள் இறுகின. ஒன்று, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு நின்றுபோனது. இரண்டு, எஸ்எம்பி போக்குவரத்தில் கையொப்பம் (தரவை வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான முத்திரை) கட்டாயமானது. கெஸ்டாக நுழைந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் கதவு மூடியது. ரூட்டரில் பாஸ்வேர்டுடன் ஒரு கணக்கை உருவாக்கி நுழைந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். அப்படியும் திறக்காவிட்டால் ரூட்டரின் எஸ்எம்பி மென்பொருள் கையொப்பத்தைச் சரியாகக் கையாளவில்லை என்று பொருள். ஃபர்ம்வேர் அப்டேட் தேடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் ‘தீர்வு’களில் பாதி, எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்கச் சொல்லும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர், விண்டோஸின் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த ரூட்டர் என்றால், மாற்ற வேண்டியது ரூட்டரைத்தான்.

‘நெட்வொர்க்’ பகுதியில் ரூட்டர் தெரியவில்லை என்பது வேறு விஷயம். அந்தப் பட்டியல் நம்பகமானதல்ல. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.73.1 என்று நேரடியாகத் தட்டுங்கள். கேட்கும்போது ரூட்டரில் உருவாக்கிய பயனர் பெயரைக் கொடுங்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கின் பெயரை அல்ல. ஒரே ரூட்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேறு பயனர் பெயர்களில் நுழைய விண்டோஸ் விடாது. அப்படிப் பிழை வந்தால் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவை அழித்து, கம்ப்யூட்டரில் ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

போனிலும் டிவியிலும்?

ஐபோனில் ஃபைல்ஸ் செயலியே போதும். மூன்று புள்ளியை அழுத்தி ‘கனெக்ட் டு சர்வர்’ தேர்ந்து 192.168.73.1 என்று கொடுங்கள். ஐஓஎஸ் 13 முதல் இது உண்டு. ஆண்ட்ராய்டில் எஸ்எம்பி தெரிந்த ஃபைல் மேனேஜர் ஒன்று தேவை. வீடியோ மட்டும் பார்ப்பதானால் விஎல்சியே நேராகத் திறந்து ஓட்டும். பழைய டிவிகள் எஸ்எம்பி 1 மட்டுமே அறியும். அவற்றுக்காக டிஎல்என்ஏவை இயக்கலாம், ஆனால் அதில் பாஸ்வேர்டே கிடையாது. சினிமா ஃபோல்டரை மட்டும் அதற்குக் காட்டுங்கள்.

வெளியூரிலிருந்து திறக்க 445 போர்ட்டை ஃபார்வர்டு செய்தால், அதாவது ரூட்டரில் இணையத்துக்குத் திறந்துவிட்டால், போதுமா?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எஸ்எம்பியின் 445, எஃப்டிபியின் 21, ரூட்டர் நிர்வாகப் பக்கம் ஆகிய மூன்றையும் இணையத்துக்குத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குக்கூட வேண்டாம். இணைய முகவரிகள் முழுவதையும் இடைவிடாமல் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல்கள் உள்ளன. திறந்த போர்ட்டுகளைப் பட்டியலிட்டுத் தேடித் தரும் ஷோடான் போன்ற தளங்களும் உள்ளன. உங்கள் வீட்டை யாரும் குறிவைக்கத் தேவையே இல்லை.

ரூட்டர் டிஸ்க்கிலேயே இது நடந்திருக்கிறது. ஏசூஸ் ரூட்டர்களில் ‘எய்டிஸ்க்’ என்ற வசதி, செருகிய டிஸ்க்கை எஃப்டிபி வழியாக இணையத்தில் தந்தது. அதன் தொடக்க அமைப்பு பாஸ்வேர்டே இல்லாமல் யாரையும் உள்ளே விட்டது. 2014 பிப்ரவரியில் 12,900-க்கும் மேற்பட்டவர்களின் டிஸ்க்குகளுக்குள் அந்நியர்கள் நுழைந்தார்கள். ‘உங்கள் ஆவணங்களை உலகில் யாரும் பார்க்கலாம்’ என்ற பொருளில் ஓர் எச்சரிக்கைக் கோப்பையும் பல டிஸ்க்குகளில் போட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் வழக்கு தொடுத்து, 2016-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் 20 ஆண்டுகளுக்கு வெளித் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. டிஸ்க்கின் சொந்தக்காரர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. திரையில் வந்த அடுத்தடுத்த பொத்தானை அழுத்தினார்கள், அவ்வளவுதான்.

பாஸ்வேர்டு பலமாக இருந்தாலும் ஆபத்து தீராது. பெரும்பாலான ரூட்டர்களில் எஸ்எம்பியைத் தருவது சாம்பா என்ற மென்பொருள். 2017 மே மாதம் அதிலும் ஓர் ஓட்டை வெளியானது, 3.5 பதிப்பு முதல் அதுவரை வந்த அனைத்தையும் அது பாதித்தது. சாம்பா குழு உடனே திருத்தம் தந்தது. ஆனால் அந்தத் திருத்தம் உங்கள் ரூட்டருக்கு வர வேண்டுமானால், தயாரித்த நிறுவனம் புது ஃபர்ம்வேர் வெளியிட வேண்டும்.

445-க்குப் பதில் 44521 போல வேறு எண்ணில் திறந்தால்?

கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். ஓட்டை அதே ஓட்டைதான். விண்டோஸும் எஸ்எம்பியை வேறு போர்ட்டில் எளிதில் திறக்காது.

பிறகு என்னதான் வழி?

வயர்கார்டு. டிஸ்க்கை வெளியே கொண்டுவராமல், நீங்கள் வீட்டுக்குள் போகும் வழி இது. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலில் சேர்ந்தது. ஏசூஸின் புதிய மாடல்கள், மைக்ரோடிக்கின் ரூட்டர்ஓஎஸ் 7, ஜிஎல்.ஐநெட், ஓப்பன்டபிள்யூஆர்டி ஆகியவற்றில் உண்டு. இதற்கும் ஒரு போர்ட் திறக்கத்தான் வேண்டும், யூடிபி 51820. ஆனால் சரியான சாவி இல்லாமல் வரும் எந்தத் தரவுப் பொட்டலத்துக்கும் வயர்கார்டு பதிலே சொல்லாது. தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. 445-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

1. ரூட்டரின் டிடிஎன்எஸ் பகுதியில் ஒரு பெயரைப் பதிவு செய்யுங்கள். வீட்டின் வெளி முகவரி அடிக்கடி மாறும், பெயர் மாறாது.
2. விபிஎன் சர்வர் பகுதியில் வயர்கார்டை இயக்குங்கள். சுரங்க முகவரி 10.6.0.1, போர்ட் 51820. தொடக்கத்தில் வருவதை அப்படியே விடலாம்.
3. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பியர் (அந்தக் கருவிக்கான பதிவு) சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சாவியை இரண்டு போன்களில் போட்டால் ரூட்டர் கடைசியாகப் பேசிய போனுக்கே பதிலனுப்பும். இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும்.
4. கருவிப் பக்கத்தில் ‘அலவ்டு ஐபிஸ்’ என்ற இடத்தில் 192.168.73.0/24, 10.6.0.0/24 என்று கொடுங்கள். வீட்டுக்குப் போக வேண்டியது மட்டும் சுரங்கத்தில் போகும். 0.0.0.0/0 என்று கொடுத்தால் யூடியூப் உட்பட எல்லாமே வீட்டைச் சுற்றிப் போகும்.
5. ‘பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்’ 25 நொடி. இணைப்பு அறுந்துவிடாமல் இத்தனை நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொட்டலம் போகும்.
6. போனில் வயர்கார்டு செயலியைப் போட்டு, ரூட்டர் காட்டும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள்.

அந்தக் கியூஆர் படத்துக்குள் உங்கள் தனிச் சாவி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது, வீட்டுச் சாவியைத் தெருமுனையில் தொங்கவிடுவதற்குச் சமம். நேரில் ஸ்கேன் செய்யுங்கள். போன் தொலைந்தால் அந்த ஒரு பியரை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

சோதனையை வீட்டு வைஃபையில் செய்தால் ஏமாறுவீர்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சுரங்கத்தை இயக்குங்கள். செயலியில் ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ (வீட்டு ரூட்டரோடு கடைசியாகக் கைகுலுக்கிய நேரம்) என்று ஒரு வரி தோன்றி, சில நொடிகளுக்கு முன் என்று காட்ட வேண்டும். பிறகு ஃபைல் மேனேஜரில் அதே 192.168.73.1.

செயலி ‘இணைந்தது’ என்கிறது, டிஸ்க் திறக்கவில்லை.

வயர்கார்டு செயலியின் பொத்தான் இயங்குவதாகக் காட்டுவது இணைப்புக்குச் சான்று அல்ல. ஹேண்ட்ஷேக் வரியைப் பாருங்கள்.

அந்த வரியே இல்லை என்றால் பொட்டலம் வீட்டை அடையவில்லை. முகவரி தவறு, சாவி தவறு, அல்லது அடுத்த கேள்வியில் வரும் சிஜிநாட். நேற்று வேலை செய்து இன்று இல்லை என்றால், இரவில் கரண்ட் போய் வந்து வீட்டின் வெளி முகவரி மாறியிருக்கும். செயலி சுரங்கத்தை இயக்கும்போது டிடிஎன்எஸ் பெயரை முகவரியாக்கிக்கொண்டு, பிறகு பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். அணைத்து இயக்கினால் சரியாகும்.

ஹேண்ட்ஷேக் இருக்கிறது, டிஸ்க் மட்டும் இல்லை என்றால் மூன்றைச் சரிபாருங்கள். நீங்கள் இருக்கும் இடமும் வீடும் ஒரே முகவரித் தொகுதியா? ‘அலவ்டு ஐபிஸ்’ இடத்தில் வீட்டுத் தொகுதி இருக்கிறதா? ரூட்டரின் சாம்பா, விபிஎன் பக்கத்திலிருந்து வருபவர்களை அனுமதிக்கிறதா? கடைசியது சில ரூட்டர்களில் தனி டிக் பெட்டியாக இருக்கும்.

எல்லாம் சரியாக வைத்தும் வெளியிலிருந்து வீட்டை எட்டவே முடியவில்லை.

ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் இணையம் காட்டும் முகவரியோடு அது பொருந்த வேண்டும்.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி என்றால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் போதாததால், பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியை நிறுவனம் பங்கிட்டுத் தருகிறது. இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. உங்கள் ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை, ஏனென்றால் உண்மையான வாசல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

192.168 என்று தொடங்கினால் சிக்கல் வீட்டுக்குள்ளேயே. ஓஎன்டியும் ஒரு ரூட்டராக வேலை செய்கிறது, அதன் பின்னால் உங்கள் ரூட்டர். ஓஎன்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டுச் சிக்னலை மட்டும் கடத்துவது) மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். மாற்றிய பிறகு நிறுவனத்தின் இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஈ பயனர் பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண் மூன்றையும் உங்கள் ரூட்டரில் போட வேண்டும். மாற்றுவதற்கு முன்பே மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இணையமும் போய், கேட்க வழியும் இல்லாமல் நிற்பீர்கள்.

சிஜிநாட் என்றால் நிலையான முகவரி கேட்டு மாதக் கட்டணம் கட்டலாம். கட்டணம் வேண்டாம் என்றால் டெயில்ஸ்கேல் போன்ற சேவை. வயர்கார்டையே அடிப்படையாகக் கொண்டது, இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசியே சந்தித்துக்கொள்வதால் போர்ட் திறக்க வேண்டாம். வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கருவியில் அதைப் போட்டு, ‘சப்நெட் ரூட்டர்’ ஆக வீட்டுத் தொகுதியை அறிவித்தால் ரூட்டர் டிஸ்க்கும் கிடைக்கும். நேரடிப் பாதை கிடைக்காதபோது இடைத்தரகுச் சர்வர் வழியாகப் போகும், அப்போது வேகம் குறையும்.

ஐபிவி6 இருந்தால்?

நல்லது. ஐபிவி6 என்பது முகவரிப் பஞ்சம் இல்லாத புதிய முகவரி முறை. வீட்டுக்கும் போனுக்கும் ஐபிவி6 இருந்தால் சிஜிநாட் தடையே இல்லை. டிடிஎன்எஸ் பெயர் ஐபிவி6 முகவரியையும் பதிய வேண்டும், ரூட்டர் ஃபயர்வாலில் யூடிபி 51820 மட்டும் திறக்க வேண்டும். ஆனால் ஐபிவி6-இல் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் அறியும் முகவரி உண்டு. பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் என்ற தற்செயலான மறைப்பு அங்கே இல்லை. ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வெளியிலிருந்து எவ்வளவு வேகம் கிடைக்கும்?

வீட்டின் அப்லோடு வேகமே எல்லை. 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) அப்லோடு என்றால், 8 பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 5 எம்பி. 4 ஜிபி வீடியோவுக்குச் சுமார் 14 நிமிடம். 100 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை நிமிடம்.

டிஸ்க்கையே யாராவது எடுத்துக்கொண்டு போனால்?

ரூட்டர் பாஸ்வேர்டு எதுவும் அப்போது உதவாது. வேறு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் திறக்கும். ஆதார் ஸ்கேன், பத்திரம், வங்கி ஆவணங்கள் உள்ள ஃபோல்டரைக் கிரிப்டோமேட்டர் போன்ற நிரலால் பூட்டி வையுங்கள். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டுவதால் நெட்வொர்க் டிஸ்க்குக்கு அது ஒத்துவரும். வெராக்கிரிப்டில் எல்லாம் ஒரே பெரிய கோப்பாக இருப்பதால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து எழுதினால் சேதமாகும். கல்யாணப் படங்களைப் பூட்டத் தேவையில்லை. சாவி தொலைந்தால் அவையும் தொலையும்.

கரண்ட் போய் வந்த பிறகு டிஸ்க்கில் எழுத முடியவில்லை, படிக்க மட்டும் முடிகிறது.

என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் ‘சரியாக மூடப்படவில்லை’ என்ற குறி விழுந்திருக்கும். ரூட்டர் அதைக் கண்டு எழுத மறுக்கிறது, அது சரியான நடத்தையே. விண்டோஸில் செருகி, டிஸ்க்கின் ப்ராபர்ட்டீஸில் ‘டூல்ஸ்’ பக்கத்தில் பிழைச் சோதனையை ஓட்டி, முறையாக எஜெக்ட் செய்து திரும்பச் செருகுங்கள்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் 12 வோல்ட் மினி யூபிஎஸ் நல்ல செலவு. வாங்கும் முன் ரூட்டர், ஓஎன்டி அடாப்டர்களின் முதுகில் உள்ள ஆம்பியரைக் கூட்டுங்கள். 2 ஆம்பியர் ரூட்டரும் 1 ஆம்பியர் ஓஎன்டியும் என்றால் மொத்தம் 3. மொத்தமே 2 ஆம்பியர் தரும் யூபிஎஸ் டிஸ்க் சுழலும் நேரத்தில் கைவிடும்.

ரூட்டர் டிஸ்க்கே பேக்கப் ஆகுமா?

போனிலிருந்து நகலெடுத்து, போனிலும் வைத்திருந்தால் ஆகும். போனில் அழித்துவிட்டால் அதுவே ஒரே பிரதி. இன்னொரு டிஸ்க் வாங்கி மாதம் ஒருமுறை நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே இருக்கும் இரண்டாவது டிஸ்க்கை இடியும் ரேன்சம்வேரும் முதலாவதோடு சேர்த்தே கொண்டுபோகும். 2021 ஏப்ரலில் இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் நாஸ் பெட்டிகளைத் தாக்கிய க்யூலாக்கர் என்ற ரேன்சம்வேர், கோப்புகளை 7-ஜிப் பொதிகளாக்கிப் பாஸ்வேர்டு போட்டுப் பணம் கேட்டது. கழற்றி வைத்த பிரதி இருந்தவர்களுக்கு அதிலிருந்து கோப்புகளை மீட்க முடிந்தது.

ஏற்கெனவே பல மாதமாகப் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

முதலில் டிஸ்க்கை ரூட்டர் பக்கத்தில் எஜெக்ட் செய்து கழற்றுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் உள்ள அனைத்தையும் நீக்கி, யூபிஎன்பியை அணையுங்கள். இணையப் பெயர்களை முகவரியாக்கும் டிஎன்எஸ் அமைப்பையும் ரூட்டரில் பாருங்கள், நீங்கள் வைக்காத முகவரி அங்கே இருந்தால் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் ஃபேக்டரி ரீசெட் செய்து, ஃபர்ம்வேரை அப்டேட் செய்து, அமைப்புகளைக் கையால் மறுபடி போடுங்கள். பழைய அமைப்புக் கோப்பை ஏற்றினால் பழைய ஓட்டையும் திரும்பி வரும்.

டிஸ்க்கை, ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகியுள்ள கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்யுங்கள். ‘மாற்றிய தேதி’ வரிசையில் அடுக்கி, நீங்கள் வைக்காத கோப்பு ஏதும் உண்டா என்று பாருங்கள். தெரியாத நிரல் எதையும் இருமுறை கிளிக் செய்யாதீர்கள். அந்த டிஸ்க்கில் பாஸ்வேர்டுப் பட்டியலோ வங்கி விவரமோ இருந்தால் அவை வெளியே போய்விட்டதாகவே எடுத்துக்கொண்டு, அன்றே வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சல் பாஸ்வேர்டு முதலில், வங்கி அடுத்து.

பிறகு வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்து, மொபைல் டேட்டாவிலிருந்து உங்கள் வெளி முகவரியில் 445-ஐயும் 21-ஐயும் திறக்க முயன்று பாருங்கள். இரண்டும் பதிலில்லாமல் காலம் கடந்து நின்றுபோனால் டிஸ்க்கைத் திரும்பச் செருகலாம்.